இணைப்பு நான்கு

காலையில் எழுந்ததும் ஃப்ரிட்ஜைத் திறந்து தோசை மாவை எடுத்து வெளியே வைப்பேன். தண்ணீர் மோட்டாரைப் போடுவேன். பல் தேய்ப்பேன். பால் காய்ச்சி ஒரு டம்ளர் காப்பி குடிப்பேன். டேங்க் நிரம்பி வழிந்து, பக்கத்து வீட்டுக்காரர் குரல் கொடுத்ததும் மோட்டாரை நிறுத்துவேன். குளிப்பேன். அதற்குள் மாவு குளிர் விட்டிருக்கும். மூன்று தோசை, பொடி. கல்லைக் கழுவிக் கவிழ்ப்பேன். சட்டை, வண்டிச் சாவி, பூட்டு.

ரஞ்சனி இறந்த பிறகு இதில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. மாவு இப்போது பாக்கெட்டில் வருகிறது. அவ்வளவுதான்.

திருச்செங்கோட்டில், சங்ககிரி ரோட்டில், போர்வெல் போடும் ரிக் லாரிகளின் உதிரிபாகக் கடைக்கு மேல் மாடியில் என் ஆபீஸ். வாசலில் ஒரு போர்டு: ‘ப்ராஜெக்ட் ரிப்போர்ட் தயாரித்துத் தரப்படும்.’ என் தொழில் முழுவதும் அந்தத் ‘தரப்படும்’ என்ற சொல்லில் இருக்கிறது. யார் தருகிறார் என்று அதில் இல்லை. நல்ல அறிக்கையில் யாரும் எதையும் செய்வதில்லை. எல்லாம் செய்யப்படும். தாமதம் ஏற்படும். இழப்பு நேரும். மனிதர்கள் அட்டவணையில் மட்டும் வருவார்கள். ‘நான்’ என்ற சொல் வரவே கூடாது.

இதை நான் எம்.பி.ஏ. படித்தபோது கற்கவில்லை. பேங்க் மேனேஜர்கள் படிக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்த்துக் கற்றேன். முதல் பக்கத்தில் என்ன வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். இடர்கள் என்ற பகுதியில் கையாளக்கூடிய இடர்களை மட்டும் எழுத வேண்டும். ஆதாரம் காட்ட முடியாத வரியை எடுத்துவிட வேண்டும். கோழிப்பண்ணைக்கும், விசைத்தறிக்கும், ஸ்பின்னிங் மில்லுக்கும் இப்படித்தான் எழுதினேன். ரிக் லாரி கட்டும் கம்பெனி ஒன்றுக்கும் பல வருடங்களாக எழுதி வருகிறேன். ரஞ்சனி அந்தக் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தாள். அங்கேதான் இறந்தாள்.

லாரி மேல் ரிக்கைப் பொருத்தியதும் அதன் கம்பத்தை, மாஸ்ட் என்பார்கள், ஹைட்ராலிக் அழுத்தத்தில் நிமிர்த்திப் பார்ப்பார்கள். ஷெட்டிலிருந்து மெயின் கேட்டுக்குப் போகும் நடைபாதை அந்தச் சோதனைக் களத்தை ஒட்டியே போகிறது. சோதனையின்போது பாதைக்குக் குறுக்கே சங்கிலி கட்ட வேண்டும். அன்று சாயங்காலம் சங்கிலியைக் கழற்றி ஒரு லாரியில் இரும்புக் குழாய்களைக் கட்ட எடுத்துப் போயிருந்தார்கள். ஹைட்ராலிக் ஹோஸ் குழாய் வெடித்தது. மாஸ்ட் சாய்ந்தது. பாதையில் ரஞ்சனி போய்க்கொண்டிருந்தாள்.

இது நடந்து நான்கு மாதம் ஆகிறது. கம்பெனி இரண்டாவது யூனிட் போடப் போகிறது. அதற்கான ப்ரபோசலை நான்தான் எழுதினேன். எழுத முடிந்தது. எழுத முடிகிறதே என்று எனக்கு ஆச்சரியமாகக்கூட இல்லை.

பேங்க் ஒரு நிபந்தனை வைத்தது. விபத்து விசாரணை முடிந்துவிட்டதற்கான அறிக்கையை இணைக்க வேண்டும்.

காலையில் குமரகுரு போன் செய்தார். கம்பெனியின் பொது மேலாளர். எங்கள் கல்யாணத்துக்கு வந்து குத்துவிளக்கு கொடுத்தவர்.

“கதிரு, எல்லாம் மெயில்ல வந்திருக்கும் பாரு. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பேங்க் போர்ட்டல்ல ஏத்திரோணும்.”

“ஏத்திரலாமுங்க சார்.”

“இணைப்பெல்லாம் ரெடி. அதயெல்லாம் நீ படிச்சுட்டு உக்காராத. அப்படியே கோத்து உட்ரு.”

“சரிங்க சார்.”

“சாப்டியா?”

“ஆச்சுங்க.”

இணைப்புகளுக்குத் தொடர் பக்க எண் போட வேண்டும். மேலே கம்பெனி பெயர், கீழே எண். அதற்கு ஒவ்வொரு பக்கத்தையும் திறந்துதான் ஆக வேண்டும். திறந்தால் கண் படித்துவிடும். குமரகுருவுக்கு இது தெரியாது. அவர் ரிப்போர்ட்டில் கையெழுத்து மட்டும் போடுகிறவர்.

இணைப்பு ஒன்று, நிலப் பத்திரம். இரண்டு, மின் இணைப்பு அனுமதி. மூன்று, மெஷின் விலைப்பட்டியல். நான்கு, விசாரணை அறிக்கை. டெல்லியிலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர் எழுதியது. சுத்தமான ஆங்கிலம். ரஞ்சனியின் பெயர் முதல் பத்தியில் ஒரு முறை வருகிறது. பிறகு ‘மேற்படி ஊழியர்’. தலைப்புகள், துணைத் தலைப்புகள் எல்லாம் சரியாக இருந்தன. நான் எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன்.

மூன்றாவது பக்கத்தில் ஒரு வரி. தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘பணி முடிந்து வெளியேறும் நேரத்தைப் பதிவு செய்த பின்னர், மேற்படி ஊழியர் “ஐ ஆம் கமிங்” என்று கூறி, தன் விருப்பத்தின்பேரில் சோதனைக் களத்துக்குத் திரும்பி வந்தார்.’ ஆதாரம்: டைம் ஆபீஸ் ஊழியர் மணியனின் வாக்குமூலம். முடிவு: ஊழியரின் கவனக்குறைவு.

சங்கிலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தேவையும் இல்லை. திரும்பி வந்தவளுக்குச் சங்கிலி எதற்கு?

பக்க எண்ணைப் போட்டேன். கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

மணியன் டைம் ஆபீஸில் இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். எல்லோரும் விரல் வைத்து நேரம் பதியும் மெஷினுக்குப் பக்கத்தில் அவர் நாற்காலி.

“வா சாமி. என்ன இந்நேரத்துல?”

“அண்ணா, ரஞ்சனி கடைசியா உங்ககிட்ட என்னங்க சொல்லுச்சு?”

அவர் ஷெட் பக்கம் ஒரு தரம் பார்த்தார். “அதான் எழுதிக் கையெழுத்து வாங்கிட்டாங்களே.”

“என்ன எழுதிருக்குதுன்னு தெரியுமுங்களா?”

“இங்கிலீசு. நான் என்னத்தக் கண்டேன்? அந்த டெல்லிக்காரரு கேட்டாரு. நான் சொன்னேன். ஜி.எம். அத இங்கிலீசுல எடுத்துச் சொன்னாரு. அவரு எழுதிக்கிட்டாரு.”

“நீங்க என்னங்க சொன்னீங்க?”

“பொண்ணு பஞ்ச் வெச்சுப்போட்டு, ‘வாரேனுங்ணா’ன்னுச்சு, போயிருச்சுன்னேன். வேறென்ன சொல்றது?”

“ஜி.எம். அதை எப்படிச் சொன்னாரு?”

“‘கமிங், கமிங்’னாரு. அந்த வார்த்த மட்டும் காதுல உழுந்துச்சு.”

அந்த வரியை அவருக்குத் தமிழில் சொன்னேன். முதலில் சிரித்தார்.

“அட, இதென்ன கூத்து. காத்தால எங்கூட்டுக்காரிகிட்ட வாரேன்னு சொல்லிப்போட்டுத்தான் நானும் வந்தேன். அப்ப நான் இன்னும் ஊட்டுக்குள்ளயா நிக்கறேன்?” சிரிப்பு நின்றது. “திரும்பி வந்துச்சுன்னா எழுதிருக்குது? மெயின் கேட்டப் பாத்துத்தான சாமி போச்சு. தோள்ல டிபன் பையி. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.”

“இதையே தமிழ்ல எழுதித் தாரேன். கையெழுத்துப் போடுவீங்களா?”

அவர் விரல் மெஷினைத் துணியால் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார்.

“அது மட்டும் வேண்டாம் சாமி. கேட்டா வாயில சொல்லுவேன். கையெழுத்துன்னா வேற. ஏற்கெனவே ஒண்ணு போட்டிருக்கறேன். இப்ப மாத்திப் போட்டா, அன்னைக்குப் பொய் சொன்னியா இன்னைக்குப் பொய் சொல்றியாம்பாங்க. புள்ளைக்கு இந்த வருசந்தான் காலேஜு.”

நான் வற்புறுத்தவில்லை. கிளம்பும்போது அவரே கூப்பிட்டார்.

“வெறும் வாரேன்னு மட்டும் சொல்லல சாமி. அதுக்கு முன்னாடியும் ஒண்ணு சொல்லுச்சு. அது எதுக்குன்னு டெல்லிக்காரரு உட்டுட்டாரு.”

சொன்னார். கேட்டுக்கொண்டேன்.

குமரகுருவின் அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. டீ சொன்னார். டீ வந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன்.

“இணைப்பப் படிக்காதேன்னு சொன்னனா இல்லியா?”

“பக்க எண் போடோணுமுங்க.”

“போடறவன் போட்டுட்டுப் போகோணும்.” நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “சரி. வாரேன்னா என்ன? ஐ ஆம் கமிங். டிக்சனரிய எடுத்துப் பாரு. தப்பிருந்தாக் காட்டு.”

“தப்பில்லீங்க.”

“அப்புறம் என்ன?”

“ரஞ்சனி வரலீங்க சார். போச்சு.”

டீ டம்ளரை நகர்த்தி வைத்தார். பிறகு குரலை இறக்கினார். “கதிரு, அன்னைக்கு ஆஸ்பத்திரில உன் கூட நின்னவன் நான். எனக்கு வருத்தமில்லியா? ஆனா இந்த யூனிட் வந்தா நூத்தம்பது குடும்பம் சாப்புடும். நானா சொல்றேன்? உன் ப்ரபோசல்ல நீயே எழுதிருக்கற.”

“எழுதிருக்கறேனுங்க.”

“அப்ப நீ எழுதுனத நீயே நம்பலியா?”

நான் எழுதுவதை நம்ப வேண்டியவர் பேங்க் மேனேஜர்.

“அந்த ஒரு வரிய மட்டும் மாத்திக் குடுங்க சார். திரும்பி வந்துச்சுங்கறத எடுத்துட்டு, வீட்டுக்குப் புறப்பட்டுச்சுன்னு.”

“சீல் வெச்ச ரிப்போர்ட்டு. உனக்குத் தெரியாததா? ஒரு வரிய மாத்துனா அடுத்த வரி நிக்காது. அப்புறம் சங்கிலி எங்கேம்பான்.” சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. போனை எடுத்துப் பார்த்தார். எழுந்தார். “ஓனர் கூப்புடறாரு. சாயங்காலத்துக்குள்ள ஏத்திரு. ஒடம்பப் பாத்துக்க. வாரேன் கதிரு.”

கதவைத் திறந்து வெளியே போனார்.

நான் உட்கார்ந்திருந்தேன். அவர் வருகிறேன் என்று சொல்லியிருந்தார். டீ ஆறியது. டம்ளர் எடுக்க ஒரு பெண் வந்தாள்.

“இன்னும் உக்காந்திருக்கறீங்களே. சார் போயிட்டாருங்களே.”

“வாரேன்னு சொன்னாருங்க.”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “ஆமாங்க, சொல்லிட்டுத்தான் போனாரு” என்றாள். டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆபீஸுக்கு வந்தேன். கம்ப்யூட்டரில் இணைப்பு நான்கு அப்படியே இருந்தது. சீல் வைத்த பக்கத்தில் ஓர் எழுத்தையும் நான் தொடவில்லை. தொடக் கூடாது. அது என் விதி. தொகுப்பாளர் குறிப்பு என்று ஒரு தனிப்பக்கம் சேர்க்க எனக்கு உரிமை உண்டு. ப்ரபோசலைத் தயாரித்தவன் என்று என் பெயரும் கையெழுத்தும் அட்டையில் இருக்கின்றன. இதுவரை எந்தத் தொகுப்பிலும் அந்தப் பக்கத்தை நான் பயன்படுத்தியதில்லை.

ஆங்கிலத்தில் எழுதினேன். அதன் தமிழ் இது:

‘இணைப்பு நான்கு, பக்கம் மூன்றில் உள்ள மொழிபெயர்ப்பு குறித்து. இந்த வட்டாரத்தில் ஓரிடத்தை விட்டுப் புறப்படுகிறவர் போகிறேன் என்று சொல்வதில்லை. வாரேன் என்பார். அகராதிப்படி அதற்குப் பொருள் வருகிறேன். வழக்கில் அது விடைபெறும் சொல். இன்று முற்பகல் நிறுவனத்தின் பொது மேலாளர் இதே சொல்லைச் சொல்லித் தம் அறையை விட்டு வெளியேறினார். அவர் திரும்பி வரவில்லை. நான் அங்கே இருந்தேன். மேற்படி ஊழியரும் திரும்பி வரவில்லை. அவர் கேட்டை நோக்கிப் போனார். அந்தப் பாதை சங்கிலியால் அடைக்கப்பட்டிருந்ததா என்பதை அறிக்கை கூறவில்லை. ரஞ்சனி என் மனைவி.’

படித்துப் பார்த்தேன். இரண்டு விதிகள் உடைந்திருந்தன. ‘நான்’ வந்திருந்தது. இடர்கள் பகுதியில் இல்லாத ஓர் இடரும் வந்திருந்தது. ‘அடைக்கப்பட்டிருந்ததா’ என்பதை மட்டும் மாற்றி, ‘யாராவது அடைத்தார்களா’ என்று எழுதினேன். பக்க எண் போட்டேன். உள்ளடக்கத்தில் சேர்த்தேன். போர்ட்டலில் ஏற்றினேன். பெறப்பட்டது என்று பச்சை எழுத்தில் வந்தது. யார் பெற்றார் என்று அதிலும் இல்லை.

குமரகுரு இரண்டு முறை போன் செய்தார். எடுக்கவில்லை. அந்தக் கம்பெனி இனி என் மாடிப்படி ஏறாது. அதைப் பார்த்து இன்னும் சில கம்பெனிகள் ஏறாது. இது சிறிய ஊர். ரிக்காரர்கள் எல்லோரும் ஒரே கல்யாணங்களுக்குப் போகிறவர்கள்.

மணியனின் பெயரைக் குறிப்பில் எழுதவில்லை. அவர் கையெழுத்துப் போடவில்லை. ஆதாரம் காட்ட முடியாத வரியை எடுத்துவிட வேண்டும். ஆகவே ரஞ்சனி சொன்னதில் மணியன் எனக்குத் தனியாகச் சொன்ன பாதி, அறிக்கையிலும் இல்லை, என் குறிப்பிலும் இல்லை. பேங்குக்கு அது தேவையும் இல்லை. பஞ்ச் வைத்துவிட்டு, டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, சிரித்தபடி அவள் சொன்னாளாம்:

“ராத்திரிக்கு மாவ எடுத்து வெளிய வெய்யின்னு காத்தாலயே சொன்னேன், அந்த மனுசன் வெச்சாரோ இல்லியோ. வாரேனுங்ணா.”