மூன்று புள்ளிக்குள்ளே

புரோகிராமைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் தயாரிக்கும் அந்த அலுவலகத்தில் பிழைச் செய்திகள் அவன் பொறுப்பு. புரோகிராமில் எங்கே தப்பு என்று கம்பைலர் சொல்லும் வரிகள் ஒரு காலத்தில் திரை முழுக்க வழிந்தன. ஒரு தகவல் எண்ணா எழுத்தா என்று குறிக்கும் டைப், அடுக்குக்குள் அடுக்காக நீளும். இரண்டு அடுக்குக்கு மேல் போனால் மூன்று புள்ளி என்று வெட்டியவன் அவன்தான். டீம் லீடர் முதுகில் தட்டினார். முழுசாகக் காட்ட ஒரு சுவிட்ச் வைக்கலாமா என்று கேட்டதற்கு, யார் அதைப் போடப் போகிறார்கள் என்றார். அவனும் விட்டுவிட்டான். மனைவி இறந்த பிறகு அவன் எதற்கும் மல்லுக்கு நிற்பதில்லை.

மதியம் மச்சினி போன் செய்தாள். வேறொரு கம்பெனியில் அவள் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மாலையில் மேலாளர் முன்னால் புரோகிராம் ஓடினால்தான் உண்டு. காலையிலிருந்து ஒரே பிழையில் முட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தான், பட்டியலுக்குள்ள ஜோடி, ஜோடிக்குள்ள புள்ளி புள்ளி புள்ளி வேணுமாம். நான் குடுத்ததும் அதேதான். அப்புறம் என்ன கேடு இதுக்கு?"

வித்தியாசம் புள்ளிக்குள் போயிருந்தது. அவனுக்கு உடனே விளங்கியது. "புள்ளிக்குள்ள பாக்கணும்" என்று மட்டும் சொன்னான்.

"உங்க கைவேலைதானே? அக்கா சொல்லுவா, உங்க அத்தான் பேச்சுல பாதி புள்ளிதான்டின்னு. கம்பைலரையும் அப்படியே வளத்துட்டீங்க."

எதையும் வெட்டாத பழைய கம்பைலரைத் தேடி அனுப்பினான். அதில் வந்த செய்தியை அவள் திருப்பி அனுப்பினாள். அனுமார் வால். கண் எரியத் துழாவி, நடுவில் பிடித்தான்: ஒரு பக்கம் எண், மறுபக்கம் எழுத்து. சொன்னதும் சரிசெய்துவிட்டாள். ஆனால் மேலாளர் கிளம்பியிருந்தார். நாளைக்குப் பார்க்கலாம் என்றாராம், முகம் கொடுக்காமல்.

அவன் டீம் லீடரிடம் போனான். ஒரு ஆள் புகாருக்காக மறுபடி முழுசாகக் கொட்ட முடியுமா என்றார் அவர்.

"முழுசா வேண்டாம் சார். எங்க வேறுபடுதோ அந்த எடம் தெரியணும். மத்தது புள்ளியாவே இருக்கட்டும்."

"அடுத்த வெளியீட்டுல பாக்கலாம்" என்று அவர் திரைக்குத் திரும்பினார்.

வழக்கமாக இந்த இடத்தில் சரி என்று கிளம்பிவிடுவான். இன்று எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.