எம்மாவு நடை

கார்ல் போன மாதத்துக் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கத்தில் கோணலாக ஒரு வட்டம் வரைந்தான். அடியில் கால்வாய். இடது பக்கம் ஏற வேண்டிய பாறைச் சரிவு. உச்சியில் முகடு. வலது பக்கம் கரும்பு வயல்களுக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை. புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து சேர்க்கும் வழி. ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டி இருக்கும் அந்தக் குன்று பழகியவர்களுக்குப் பெரிதல்ல. பழகாதவர்களுக்கு மூச்சு வாங்கும். மேசைக்கு எதிரே மாடி வீட்டு பரத்தும் அவன் மனைவி உமாதேவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய நாலு வயது மகள் மேசைக்கடியில் டப்பா மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஷெர்லி தேநீர்த் தட்டோடு நின்று, கணவன் வரைந்த வட்டத்தின் இடது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உயிர்த்த இயேசுவோடு சீடர்கள் இருவர் எம்மாவுக்கு நடந்து போனதை நினைத்து, ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை கார்லும் ஷெர்லியும் போகும் பங்குக் கோயில் ஆட்கள் எங்காவது ஒரு மலைக்கு நடப்பார்கள். பல வருடங்களாக முன்னால் நடப்பவன் கார்ல். பரத் குடும்பம் மாடிக்குக் குடிவந்த வருடத்திலிருந்து அவர்களும் வருகிறார்கள். "சாமி வேறன்னா என்ன, புளியோகரே ஒண்ணுதானே" என்பான் பரத், புளிச்சோற்றுப் பொட்டலத்தைக் காட்டி.

இந்த வருடம், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தின் இரண்டாவது வெள்ளியன்று, சிலுவைப் பாதையில் பெரிய மரச் சிலுவையைக் கார்ல்தான் சுமந்தான். பாதியில் இடது தோள் பிடித்துக்கொண்டு, வலி முழங்கை வரை இறங்கியது. சட்டை நனைந்தது. சிலுவையின் கனம் என்று நினைத்துக்கொண்டான். தவக்கால ஒறுத்தலாக அந்த வலியைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுத்து, யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வெள்ளியும் சுமந்தான். அடுத்த வெள்ளியும் வலித்தது. ஒருநாள் சாப்பிடும்போது ஏதோ பெருமை போல ஷெர்லியிடம் சொன்னான். அவள் கையில் எடுத்த சோறு தட்டிலேயே விழுந்தது.

ஷெர்லி ஓர் இதய மருத்துவமனையில் இசிஜி எடுப்பவள். மறுநாளே அவனை அழைத்துப் போனாள். நெஞ்சில் ஒயர்களை அவளே ஒட்டி, ட்ரெட்மில்லில் நடக்க வைத்தாள். வேகம் கூடக்கூட, திரையில் சமமாக ஓடவேண்டிய கோடு தொய்ந்து இறங்கியது. டாக்டர் பார்த்துவிட்டு, உடனே ஆஞ்சியோ செய்ய வேண்டும் என்று எழுதினார். ஆனால் அவர் வருவதற்கு முன்பே கார்லுக்குத் தெரிந்துவிட்டது. அந்த அறைக்கு வருகிறவர்கள் திரையைப் பார்ப்பதில்லை, அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அதற்காகவே அவள் முகத்தைத் துடைத்த பலகை போல வைத்துக்கொள்ளப் பழகியிருந்தாள். யார் என்ன கேட்டாலும் ஒரே பதில்தான்: டாக்டர் சொல்வாங்க. அது வேலையின் விதி.

"அந்த மூஞ்சிய எங்கிட்ட வைக்காத" என்றான் கார்ல், மூச்சு வாங்கிக்கொண்டே.

வெளியே வந்ததும் சத்தியம் கேட்டான். ஈஸ்டர் முடியட்டும், அதுவரை யாருக்கும் தெரியக் கூடாது. அவனுடைய அப்பா நாற்பத்தொரு வயதில், வேலை செய்த இடத்திலேயே சரிந்து விழுந்து இறந்து போனவர். கார்லுக்கு இந்த ஜனவரியில் நாற்பத்தொன்று. அன்றிலிருந்து கோயில் வாசலில் யாராவது அவன் கையைப் பிடித்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டபடி இருந்தார்கள். அந்தக் கேள்விக்கு அவன் மலையேறித்தான் பதில் சொல்ல நினைத்தான். அது ஷெர்லிக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் வாக்குக் கொடுத்தாள். கொடுத்த நாளிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கமில்லை.

இப்போது அவளால் சண்டை போட முடிந்த இடம் அந்தக் காலண்டர் தாள் ஒன்றுதான்.

"கரும்புப் பக்கமா ஏறினா என்ன? அங்க ஏத்தம் கம்மி."

"அப்புறம் பாறையில எறங்கணும். எல்லாருக்கும் முட்டி போயிடும்" என்றான் அவன், தலை நிமிராமல்.

"அப்ப ஏறினதும் ஒரு மணி நேரம் உக்காந்துட்டுப் போலாம்."

"என்ன, கல்யாண வீடா?"

"அந்தப் பக்கத்து ஊர்ல ஒரு வண்டியாச்சும் நிக்கட்டும்."

பென்சில் நின்றது. "எதுக்கு?"

"பாதிக்கு வந்துட்டா, முன்னால போனாலும் அதே தூரம். திரும்பி வந்தாலும் அதே தூரம்."

"யாரு சாகப் போறாங்கன்னு வண்டி நிக்கணும்?"

பரத் சிரித்தான். "போன வருஷம் அக்கா பேண்டேஜ் மட்டும் எடுத்துட்டு வந்தாங்க. இந்த வருஷம் ஆம்புலன்ஸே கேக்கறாங்க, அண்ணா."

கார்லும் சிரித்தான். சிரித்துக்கொண்டே அவளைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இல்லை. ஷெர்லி தம்ளர்களை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தாள். ஒன்று தளும்பி, வட்டத்தின் ஓரம் நனைந்தது. அவன் விரலால் வழித்துவிட்டான்.

"பாப்பா பாறையில நடக்க மாட்டா" என்றான் பரத். "போன வருஷம் மாதிரி அண்ணா தோளுதான்."

"அதுக்கென்ன. என் சவாரி இல்லாம அவ வருவாளா?"

"போன வருஷத்துக்கு இப்ப டபுள் ஆயிருக்கா அண்ணா, கொழுக்கட்டை மாதிரி" என்றாள் உமாதேவி. ஷெர்லி பக்கம் திரும்பினாள். "நீங்களே சொல்லுங்கக்கா. உங்க வீட்டுக்காரருக்கும் வயசாகுதில்ல. தூக்கலாமா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். தூக்கலாம் என்றால் குழந்தையை அந்தத் தொய்ந்த கோட்டின் மேல் உட்கார வைப்பதாகும். கூடாது என்றால் வாக்கு போய்விடும். ஷெர்லிக்கு இரண்டும் வாயில் வரவில்லை. முகம் தானாகவே துடைத்துக்கொண்டது. வாய், பழகியதைச் சொன்னது.

"டாக்டர் சொல்வாங்க."

பரத் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "எந்த டாக்டர்?"

உமாதேவிக்கு அந்தக் கேள்வி தேவைப்படவில்லை. முந்தின வருடம் அவளுடைய அப்பாவை நெஞ்சு வலியோடு ஷெர்லியின் மருத்துவமனைக்குத்தான் கொண்டு போனார்கள். வெளிப் பெஞ்சில் உட்கார்ந்து அவள் ஷெர்லியிடம் மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் இதே முகம், இதே வார்த்தை. அப்பா வீடு திரும்பவில்லை. அவள் தம்ளரைச் சத்தமில்லாமல் வைத்தாள்.

"அண்ணா, உங்களுக்கு என்ன பாத்தாங்க?"

கார்ல் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான். "என்ன பாத்தாங்களா? பாப்பா, வா."

குழந்தை மேசைக்கடியிலிருந்து ஓடி வந்தாள். அவன் குனிந்து அவளைக் கழுத்தில் ஏற்றிக்கொண்டு, அவளுடைய செருப்பை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, வாசலைத் தாண்டினான். மாடிப் படி வெளியே, சுவரை ஒட்டி ஏறியது. வெயில் படிகளில் விழுந்திருந்தது.

"இறக்கி விடுங்க" என்றாள் ஷெர்லி, பின்னாலேயே வந்து.

கோபம் வந்தால் அவனுக்குக் கன்னடம்தான் வரும். "சும்னிரு" என்று அவள் வாயை அடைத்தான்.

முதல் படிகளில் வேகமாகத்தான் ஏறினான். பரத் கீழே நின்று "அண்ணா, பேடா, வேணாம், எறங்குங்க" என்று சிரிக்கப் பார்த்து, பாதியில் விட்டான். ஷெர்லி ஒரு படி கீழே, இரண்டு கைகளையும் விரித்தபடி, தொடாமல் ஏறினாள். அவன் பிடரி ஈரமாவதைப் பார்த்தாள். "ஏறு, ஏறு" என்று குழந்தை அவன் தலையில் தட்டினாள். படி திரும்பும் இடத்தில் கார்ல் நின்றான். ஒரு கை சுவரைத் தேடியது.

ஷெர்லி அவனை உரசிக்கொண்டு மேலே போய், அவன் எதிரே திரும்பி நின்றாள். கைகளை நீட்டினாள். குழந்தை தாவி வந்தாள். அவன் தடுக்கவில்லை.

"ஆஞ்சியோ எழுதியிருக்காங்க, உமா" என்றாள், அவன் தலைக்கு மேலாகக் கீழே பார்த்து. "பத்து நாளாச்சு."

கார்ல் மெல்ல அந்தப் படியிலேயே உட்கார்ந்தான். குழந்தையின் செருப்பு இன்னும் அவன் கையில் இருந்தது. அதன் சின்ன வாரைக் கட்டைவிரலால் மாட்டினான், கழற்றினான். மறுபடி மாட்டினான். ஷெர்லி இடுப்பில் குழந்தையோடு, அவன் முதுகு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.