அகலக் கதவு

பெட்டி நடைவழித் திருப்பத்தில் இறுகி நின்றுவிட்டது. முன்னால் பிடித்திருந்த வெள்ளைக்காரர் ஓரடி பின்வாங்கினார். சுவரில் புதுப் பூச்சு உரிந்தது.

"திருப்பேலாதாம், அக்கா," என்றான் அனுஷன். "நிமிர்த்திக் கொண்டுபோகலாமெண்டு சொல்லுகினம்."

உள்ளே விளக்கடியில் இருந்த அம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

"அவரை நிக்க வைச்சோ?"

அனுஷன் அக்கா சிவானியைப் பார்த்தான்.

முந்தாநாள் லின்ஃபீல்ட் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்த அப்பா அப்படியே சரிந்துவிட்டார். பெட்டிக்குள் இருப்பது அவர் என்பது சிவானியின் புத்தியில் இன்னும் ஏறவில்லை. பெட்டியின் அகலத்தையும் சுவர்களின் இடைவெளியையுமே அவள் மாறிமாறிப் பார்த்தாள்.

ஆதரவற்ற முதியவர்களுக்காக நூறு வருடத்துக்கு முன் கட்டிய செங்கல் கட்டிடம் அது. சின்னச் சின்ன அறைகளின் சுவர்களை இடித்து அப்பா வீடாக்கியிருந்தார்.

"என்ன தியாகலிங்கம், பிள்ளையள் இப்பவே வயோதிபர் மடத்தில விட்டிட்டினமோ?" என்று ஜெயரட்ணம் மாமா பகிடி பண்ணுவார்.

"சாப்பாடு பரவாயில்லை. மடத்தை நடத்திற மேற்றன்தான் பொல்லாதவ," என்று அப்பா அம்மாவைப் பார்ப்பார்.

குடிவந்த அன்று அவருக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. "குசினிக்கு ஏன் பிள்ளை இவ்வளவு அகலத்தில பின்கதவு?"

"விறகு கொண்டுவர இருக்கும்," என்று சொல்லிச் சிவானி அதை மறைத்து பிரிட்ஜை வைத்தாள்.

"அனுஷன்," என்றாள் இப்போது. "பிரிட்ஜை இழு."

துருப்பிடித்த தாழ்ப்பாளை மாமா தட்டித் திறந்தார். பெட்டி வீட்டைச் சுற்றி வந்தது. படி இல்லை, வாசல் நிலத்தோடு நிலமாக இருந்தது. இரண்டு பக்கமும் ஒரு கை இடம் மிஞ்ச, அப்பா எங்கும் முட்டாமல் உள்ளே வந்தார்.

விறகுக்கு இவ்வளவு இடம் வேண்டாம். கட்டியவர்கள் எதை அளந்து வைத்தார்கள் என்று சிவானிக்கு அப்போதுதான் புரிந்தது. உள்ளே கொண்டுவர அல்ல.

கதவு நிலையைப் பிடித்திருந்த கையை அவள் எடுத்துக்கொண்டாள்.

கிரியை முடிந்து அதே வழியால் அப்பாவைக் கொண்டுபோனார்கள்.

பின்னேரம், வந்தவர்கள் போனபிறகு, சிவானியும் அனுஷனும் பிரிட்ஜைப் பழைய இடத்துக்குத் தள்ளத் தொடங்கினார்கள்.

"அங்க வேண்டாம்," என்றாள் அம்மா.

"வேற எங்கயம்மா வைக்கிறது?"

"எங்கயாவது வையுங்கோ. அந்த வழி இருக்கட்டும்."

அனுஷன் அம்மாவைப் பார்த்தான். சிவானி பார்க்கவில்லை. குனிந்து, வயரை எட்டும்வரை இழுத்துச் செருகினாள்.

குசினியின் நடுவில் பிரிட்ஜ் முனகத் தொடங்கியது. அம்மா அதைச் சுற்றிக்கொண்டு போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தாள்.