தோட்டத்து மேட்டுக்கு வந்தவர்

எங்கள் ஊர்க் காகம் கூப்பிட்டால் வரும். இந்த நாட்டுக் காகத்துக்கு அந்த மரியாதை தெரியாது. என் கணவர் மாசியில் தவறினார். முதலாம் வருட நினைவான ஆட்டைத்திவசம் முடியும்வரை வெள்ளிதோறும் சமைத்து, அவர் படத்துக்குப் படைத்து, காகத்துக்கும் ஒரு தட்டில் வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். காகம் தொட்டால்தான் போனவர் உண்டதாக அர்த்தம். எங்கள் வீடு ஆல்ப்ஸ் மலையடியில், காட்டோரத்தில் இருக்கிறது. அங்குள்ள காகங்கள் கூரையிலிருந்து சோற்றை முறைத்துப் பார்த்தன, ஒன்றும் இறங்கவில்லை.

வாரக்கணக்கில் சோறு காய்ந்து கிடந்தது. அழுதேன். படத்துக்கு முன்னால் நின்று அவரைத் திட்டியும் பார்த்தேன். உயிரோடு இருந்தபோதும் சாப்பாட்டுக்குப் பத்துத் தரம் கூப்பிட வேண்டிய மனிதர்தான்.

வீட்டுக்குக் கிட்ட வரக் காகம் பயப்படுகிறதோ என்று ஆவணியில் தட்டைத் தோட்டத்தின் கோடியில் உள்ள மண்மேட்டில் கொண்டுபோய் வைத்தேன். விடிந்து பார்த்தால் தட்டு துடைத்த மாதிரி இருந்தது. பாவற்காய்க் கறி மட்டும் ஓரத்தில் ஒதுக்கப்பட்டிருந்தது. அவர் பாவற்காயைத் தொடவே மாட்டார். எனக்கு உடம்பு சில்லிட்டது. பிறகு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோசமாக இருந்தது.

அதன்பிறகு வெள்ளி, செவ்வாய் என்று பார்க்காமல் தினமும் சமைத்தேன். ஒரு பின்னேரம் சமையலறை ஜன்னலால் பார்த்தபோது, மேட்டில் ஒரு பெரிய கரடி பின்னங்காலை மடக்கித் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தது. அவசரப்படாமல் சாப்பிட்டது. முடித்ததும் தலையைத் தூக்கி, நான் நின்ற ஜன்னலையே வெகுநேரம் பார்த்தது. கரடியைக் கண்டால் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியும். பயம் வராததுதான் பயமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, அடுத்த நாளும் சோறு வைத்தேன்.

அடுத்த வீட்டு சிசிலி வேட்டை உரிமம் உள்ளவள். கரடி அவளுடைய ஆடுகளைக் கிழித்தது. பிறகு ஒரு நாள் அவளுடைய சின்ன மகள் விளையாடிக்கொண்டிருந்த வேலியருகே வந்து நின்றது. பிள்ளை அதற்கு பிஸ்கட் நீட்டியிருக்கிறாள். மனிதரின் சாப்பாட்டுக்குப் பழகிய கரடி காட்டுக்குத் திரும்பாது என்று, அதைச் சுட அரசாங்கம் அனுமதி கொடுத்தது. ஆனால் சுற்றிலும் வீடுகள். குண்டு தவறினாலும் மண்ணுக்குள் புதைய வேண்டும். அதற்குத் தோதான இடம் என் தோட்டத்து மேடு ஒன்றுதான். என் காணியில் சுடுவதற்கு என் சம்மதம் வேண்டும் என்று கேட்டு வந்தாள். ஏலாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஹம்பேர்க்கில் இருக்கும் என் மகன் கவிஷனுக்கு போன் எடுத்து, முதன்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன்.

"அம்மா, அது கரடி. அப்பா இல்லை. அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்தா உங்களாலை தாங்க ஏலாது."

அவன் சொன்னது நியாயம். நியாயம் என்று தெரிந்தும் நெஞ்சு கேட்கவில்லை. ஆனாலும் சிசிலியிடம் போய், தினமும் சோறு வைப்பதையும் ஒப்புக்கொண்டு, சம்மதம் என்றேன். அவள் இன்னொன்றும் கேட்டாள்: வழக்கம்போல நானே சோறு வைக்க வேண்டுமாம்.

அன்று கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, அப்பளம் எல்லாம் அவருக்குப் பிடித்தபடி சமைத்தேன். பாவற்காய் சமைக்கவில்லை. தட்டை மேட்டில் கொண்டுபோய் வைத்தேன். நம்பிச் சாப்பிட வருகிறவருக்கு இப்படிச் செய்யலாமா என்று என்னையே வெறுத்தேன்.

பொழுது சாய முன்னரே அது வந்தது. சிசிலி சமையலறை ஜன்னலில் துவக்கை ஊன்றியிருந்தாள். கரடி சோற்றைத் தொடவில்லை. எங்களை நேருக்கு நேர் பார்த்தபடி நின்றது. முன்னாலிருந்து சுட்டால் காயத்தோடு ஓடிவிடும், பக்கவாட்டில் திரும்பினால்தான் சுடலாம் என்று சிசிலி கிசுகிசுத்தாள். அது அசையவில்லை. அதற்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று எனக்குப் பட்டது.

என்னால் பொறுக்க முடியவில்லை. பக்கக் கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடினேன்.

"இஞ்சேருங்கோ, போங்கோ. போயிடுங்கோ."

கல்யாணமான நாளிலிருந்து அவரை 'இஞ்சேருங்கோ' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். புருசன் பெயரை வாயால் சொன்னால் அவருடைய ஆயுள் குறையும் என்பார்கள். கரடி என் பக்கம் பார்க்கவே இல்லை. போய்ச் சேர்ந்தவருக்கு இனி என்ன ஆயுள் குறையப் போகிறது என்று துணிந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

"இராசலிங்கம்."

அது உடம்போடு என் பக்கம் திரும்பியது. அந்த நொடியில் வெடி கேட்டது.

நல்ல நேரத்தில் கூப்பிட்டாய் என்று சிசிலி என் தோளைத் தட்டினாள். பிறகு ஒரு மரக்கிளையை ஒடித்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, கிளையைக் கரடியின் வாயில் வைத்தாள். இறந்த மிருகத்துக்குக் கடைசிக் கவளம் கொடுப்பது இங்குள்ள வேட்டைக்காரரின் வழக்கமாம். அவள் விளக்கத் தொடங்கினாள். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தட்டிலிருந்து ஒரு பிடி சோறு எடுத்துக்கொண்டு குனிந்தேன்.

ஒருவருக்கு ஒரு தடவைதான் வாய்க்கரிசி போடுவார்கள். என்னவருக்கு நான் இரண்டு தடவை போட்டேன்.