கடல் தேத்தண்ணியான பதினேழு நாட்கள்

கிழக்கிலங்கைச் சாய்ந்தமருதில் கடல் தேத்தண்ணியாக மாறியது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு. அந்நேரம் கரையோரப் பாடசாலையில் சுல்பிகா டீச்சர் பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அமெரிக்க சுதந்திரப் போரை நடத்திக்கொண்டிருந்தார். தங்களைக் கேளாமல் இங்கிலாந்து போட்ட வரிக்காக பொஸ்டன்காரர்கள் முந்நூற்று நாற்பத்திரண்டு பெட்டித் தேயிலையைத் துறைமுகத்தில் கொட்டிய இடத்தில் மணி அடித்தது, புத்தகத்தை மூடினார். கடலும் பாடத்தின் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. சீனி போடாத கடுஞ்சாயம், வாசத்தில் குறை சொல்ல முடியாது. சூடை மீனும் கீரி மீனும் கண்காணாத் தூரம் போய்விட, அவர் கணவர் நிஸாமின் படகோடு கரையிலிருந்த படகெல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன. மறுநாள் டீச்சர் அதே பக்கத்தைத் திரும்ப வாசித்தபோது சாயம் இன்னும் கறுத்தது. பாடம் நகர்ந்தால்தான் கடல் நகரும் என்று பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னார்கள்.

ஆனால் அடுத்த பக்கத்தில் அந்தப் போரின் முதல் வெடி, லெக்சிங்டன் வெடி இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு, சுல்பிகாவுக்குப் பதினொரு வயதில், அவருடைய மூத்த சகோதரன் இஸ்ஸதீன் காக்காவை வயல் வழியில் சுட்டுக் கொன்றார்கள். வெடி வீடு வரைக்கும் கேட்டது, பின்னாலேயே உம்மாவின் அலறலும். அந்த அலறல் அவர் காதை விட்டு இன்னும் போகவில்லை. பாடத்தை நடத்தினால் ஊருக்குள் வெடி, நடத்தாவிட்டால் ஊருக்குக் கடல் இல்லை. பயந்துதான் போனார். மீட்டல் பரீட்சை என்று சாட்டுச் சொல்லி நாளைக் கடத்தினார்.

பள்ளிவாசலில் ஊரின் ஒவ்வொரு குடிக்கும் தலைவர்களான மரைக்கார்மார் கூடினார்கள். டீச்சரை யாரும் கூப்பிடவில்லை. எல்லாப் புத்தகத்திலும் தேயிலையும் வெடியும் இருந்த தாளைக் கிழிப்பதென்று முடிவெடுத்து, அசறுத் தொழுகைக்கு முன் கிழித்தும் முடித்தார்கள். அந்திக்கு மஃரிப் தொழப் போனவர்கள் பார்த்தால், கைகால் கழுவி வுழு எடுக்கும் ஹவுழ்த் தொட்டி நிறையத் தேத்தண்ணி. அதில் வுழு கூடாது என்பதில் ஆலிம்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. சம்மாந்துறையிலிருந்து பவுசர் லொறியில் கொண்டுவந்த நல்ல தண்ணீரும் ஹவுழில் விழுந்ததும் சாயமானது.

பதினாறாம் நாள் சுல்பிகா பள்ளிவாசல் கேற்றடியில் போய் நின்றார். மூத்த மரைக்கார் அபுல் ஹஸன் வெளியே வந்தார்.

"குடி உம்மா வழியா வாறது. பேசுறது மட்டும் ஆம்புளையள். எங்களக் கேக்காம எடுத்த முடிவு எங்களக் கட்டாது, மரைக்கார். நீங்க கிழிச்ச பாடமும் இதத்தான் சொல்லுது."

"ஓம் மகள், பிழைதான். ஆனா வெடி கேட்டா நீங்க தாங்குவீங்களா?"

"தெரியா."

அன்றிரவு பாடத்தை நடத்தலாமா என்று உம்மாமாரைக் கேட்டார்கள். எல்லாக் குடியிலிருந்தும் ஓம் என்றே பதில் வந்தது. மறுநாள் மூன்றாம் பாடவேளைக்குக் கடைகள் பூட்டின. போர்க்காலப் பழக்கம் விடுமா, ஊர் முழுக்கத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டது. பக்கமில்லாத புத்தகத்தைக் கையில் பிடித்தபடி சுல்பிகா மனப்பாடமாகவே சொன்னார். முதலில் ஒரு வெடி. யார் சுட்டதென்று அங்கேயும் தெரியாது, இங்கேயும் தெரியவில்லை. பிறகு சரமாரியாக. பிள்ளைகள் மேசைக்குக் கீழே இருந்தார்கள், டீச்சர் நின்றுகொண்டிருந்தார். வெடி ஓய்ந்ததும் அலறலுக்காகக் காத்திருந்தார். ஒரு நிமிஷம் போனது. இரண்டு நிமிஷம். எந்த வீட்டிலிருந்தும் யாரும் அலறவில்லை. மையத்தைச் சுற்றும் கபன் துணிக்கு ஆள் ஓடவில்லை. சுல்பிகா மேசையில் தலையை வைத்து அழுதார்.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன் கடல் நீலமானது. நிஸாம் பின்னேரமே படகை இறக்கினார்.

இப்போது வருடாவருடம் அந்தப் பாடம் வரும் ஒரு கிழமை முழுக்கக் கடல் தேத்தண்ணியாகிறது. மீன்காரர்கள் அந்தக் கிழமையைக் கிழிந்த வலை பொத்துவதற்கென்று வைத்திருக்கிறார்கள். இந்த வருடம் வெடி கேட்டபோது ஊரில் ஒருவரும் தரையில் படுக்கவில்லை.