பதின்மூன்றாம் எண் சுரங்கப்பாதை

சத்துர்னினோ கோல்கே இருமித் தள்ளிய முதல் கல் மொச்சைக்கொட்டை அளவுதான் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, லாமா மிருகத்தின் இறைச்சி சூப் குடித்துக்கொண்டிருந்தபோது, கிண்ணத்துக்குள்ளேயே விழுந்தது. மஞ்சளும் கறுப்புமாகச் சளி அப்பியிருந்த அதை அவன் மனைவி கிரெகோரியா எடுத்துக் கழுவி, சுத்தியலால் தட்டிப் பார்த்தாள். "நல்ல வெள்ளீயந்தான். நாத்தந்தான் கொடலப் புரட்டுது," என்றாள். எங்கள் பொலிவிய மலைகளில் சுரங்கத்துக்கு வெளியே கொட்டும் கழிவுக்கல்லை உடைத்து வெள்ளீயம் பொறுக்குவது பெண்களின் உரிமை. அந்தப் பெண்களில் கிரெகோரியாவும் ஒருத்தி என்பதால் கல் விஷயத்தில் அவளிடம் யாரும் வாதாடுவதில்லை.

பதினேழு வருடம் சுரங்கத்தில் கல்தூசியைச் சுவாசித்தவனுக்கு அடுத்த நான்கு வருடமும் இருமல் ஓயவில்லை. இரண்டாம் வருடம் விலா எலும்பு ஒன்று முறிந்தது. அந்தச் சந்து வழியாக நுரையீரல் தோலுக்கடியில் புடைத்து, இருமும்போதெல்லாம் தவளைத் தொண்டை போல உப்பி அடங்கியது. மூன்றாம் வருடம் அடிவயிற்றுச் சதை விட்டுப்போய்க் குடல் கவட்டையில் இறங்கியது. அதைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினான். பாதி உடம்பாவது கெட்டவனுக்குத்தான் கம்பெனி ஓய்வு கொடுக்கும். கம்பெனி டாக்டரோ வருடா வருடம் மூக்கைப் பொத்திக்கொண்டு, நாற்பத்தொன்பது சதவீதம் என்று எழுதினார். பொத்திய கைக்குட்டையில் வாசனைத் தைலம் வேறு. சளியைவிட அந்தக் கைக்குட்டைதான் எனக்கு அருவருப்பு.

நான்காம் வருடப் பரிசோதனையில் கிரெகோரியா சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவ கீழ எறங்கினா இந்த மனுசன் பொணமாத்தான் மேல வருவாரு, டாக்டரு."

"சுருட்ட விடச் சொல்லும்மா, எல்லாம் சரியாயிடும்."

சத்துர்னினோ சுருட்டே பிடித்ததில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தான், இருமல் வந்தது. நுரையீரல் பொத்துக்கொண்டு காற்று நெஞ்சுக்கூட்டில் பரவ, வலப்பக்கம் ஈரத்துணி மாதிரிச் சுருண்டு அமுங்கியது. கூடவே ரத்தமும் கோழையுமாகக் கைமுட்டி அளவு கல் ஒன்று மேசையில் விழுந்தது. டாக்டர் ஓங்கரித்தார். சுரங்க எஞ்சினியர் வந்து, கையுறை மாட்டிக் கல்லைப் புரட்டிப் பார்த்து, கீழே எந்தப் பாதையிலும் இவ்வளவு தரமான வெள்ளீயம் இல்லை என்றார்.

ஒரே வாரத்தில் உத்தரவு வந்தது: சத்துர்னினோ கோல்கே இனி பதின்மூன்றாம் எண் சுரங்கப்பாதை. ஒரு சுரங்கப்பாதையை இன்னொரு சுரங்கப்பாதைக்குள் வேலைக்கு அனுப்ப விதியில் இடமில்லை. அதனால் அவன் வீட்டு வாசல் வெயிலில் சாய்ந்து கோக்கா இலை மென்றான். "மனுசனா இருந்தப்ப தராத ஓய்வ, பொந்தா ஆனப்புறம் தர்றானுங்க," என்று சிரிக்கப்போய் இருமினான். வருகிற கல்லை வாளியில் பிடிக்க இலாரியோன் என்ற காவலாளியைக் கம்பெனி கட்டிலருகே உட்காரவைத்தது. வாளிக்கு வெளியே தெறிப்பது வழக்கப்படி பெண்களுக்கு. கிரெகோரியா அதைக் கழுவி, முகம் சுளித்து, உடைத்தாள்.

மூன்றாவது மாதம் இலாரியோன் இரும ஆரம்பித்தான். மறுநாள் காலை அவன் பெண்டாட்டி சுத்தியலோடு வந்து நின்றாள். கிரெகோரியா நகர்ந்து உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.