கல்லின் அந்தப் பக்கம்

புருஷன் இறந்தபின் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்த பெண் முதல்முதலாக வெளியே கிளம்பினால் தர்காவுக்குப் போவாள், இல்லை தாய்வீட்டுக்குப் போவாள். ஷரீபுன்னிசா மியூசியத்துக்குப் போனாள். ஐம்பத்தாறாம் வருஷத்துச் சதுரங்கப்பட்டினம் வாயைப் பிளக்காமல் என்ன செய்யும்? ஏற்கெனவே ஊருக்கு அவள்மேல் ஒரு குறை. புருஷன் அமானுல்லாவின் மையித்தைத் தூக்கும்போதுகூட அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அவளுக்கும் அது குறைதான். வந்தால்தானே அழுவதற்கு?

அமானுல்லா கறிக்கடை வைத்திருந்தார். தினமும் விடியுமுன் சுபுஹு தொழுததும் கிணற்றடித் துவைகல்லில் கத்தி தீட்டுவார். அந்தச் சத்தம் கேட்டுத்தான் இவள் அடுப்பு மூட்டுவாள். தீட்டித் தீட்டிக் கல்லில் பள்ளமே விழுந்திருந்தது. இவள் இத்தாவில் அறைக்குள் இருந்தபோது, கல்லின் அடியில் பழைய எழுத்து இருப்பதை யாரோ கண்டு சொல்ல, தம்பி ஷேக் தாவூத் அதை மகாபலிபுரத்து மியூசியத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான். அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதில் பெருமை வேறு! அந்தப் பள்ளத்தில் ஒருதரம் கை வைத்தால் போதும், அழுகை வந்துவிடும் என்று அவள் நம்பினாள்.

மியூசியம் இரண்டு. மலைமேல் லைட் ஹவுஸ் பக்கம் ஒன்று, அடிவாரத்தில் ஒன்று. தம்பி முதலில் மேலே ஏற்றினான். துருப்பிடித்த நங்கூரம், சீனத்துக் காசு, ஒல்லாந்தர் பீங்கான் தட்டு.

"பாருக்கா, எம்மாம் பெரிய துறைமுகமா இருந்துகீது!"

பார்த்தாள். ஜன்னல் வழியே கடல் தெரிந்தது. அதையும் பார்த்தாள். எதுவும் மனசுக்குள் இறங்கவில்லை.

அடிவாரத்தில் அவள் கல்லைச் சுவரில் பதித்திருந்தார்கள். எழுத்து வெளியே தெரிந்தது. பக்கத்தில், கொடுத்தவர் ஷேக் தாவூத் என்று ஒரு பலகை.

"அந்தப் பக்கம் பாக்கணும்," என்றாள் காவலாளி கண்ணாயிரத்திடம்.

"அந்தப் பக்கம் இன்னாம்மா கீது? ஒரு பள்ளம் இருந்துச்சு. சிமெண்டு போட்டு அடச்சிட்டாங்க. இல்லாங்காட்டி செவுத்துல நிக்காது."

"அடச்சிட்டாங்களா," என்றாள். அவ்வளவுதான். அப்போதும் அழுகை வரவில்லை. பஸ்ஸில் தம்பி வாங்கித் தந்த வேர்க்கடலை மடியில் அப்படியே கிடந்தது.

மறுநாள் தொழுதுவிட்டு, பரணில் கிடந்த அமானுல்லாவின் கத்தியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். கைப்பிடிச் சுவரின் கல்லில் வைத்து இழுத்தாள். சரியாக வரவில்லை. மறுபடி இழுத்தாள். அதே சத்தம் வந்தது.

தாவூத் பதறி ஓடி வந்தான். "இன்னாக்கா பண்ணிக்கினு கீற? கடையத்தான் மூடியாச்சே!"

அவள் நிமிரவில்லை. ஓவென்று அழுதுகொண்டே, கையை நிறுத்தாமல் தீட்டிக்கொண்டிருந்தாள்.